பதினெட்டு வாந்தியும் ஒரு குச்சி ஐஸும்

பாய்,

இன்று சாயங்காலம் பஜார் பள்ளிவாசல் பக்கமாக வந்தேன். நோன்பு மாதம். கஞ்சி அண்டாவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். இஞ்சியும் பூண்டும் வெந்தயமும் குழைந்த அரிசியுமாக அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஊரில் பேர் சொல்லக்கூடிய மனுஷன் நான், தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் நின்றேன். என்னைப் பார்த்ததும் மொத்த வரிசையும் ஒதுங்கி, மாமா முன்னால் போகட்டும் என்று வழிவிட்டது. ஐம்பது பேர் இருந்தார்கள். சரி, நீ வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து பேர்.

வீட்டில் என் சம்சாரம் கிண்ணத்தில் ஊற்றி எவர்சில்வர் கரண்டியைப் போட்டுக் கொடுத்தாள். நான் எழுந்துபோய் அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கும் கொட்டாங்குச்சிக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டம்மா கொடுத்த கரண்டி. நாக்கு தேறி நாலு வருஷம் ஆகிறது, எவர்சில்வர் இப்போது துரு மாதிரி ருசிப்பதில்லை. ஆனாலும் இந்தக் கஞ்சிக்கு அந்தக் கரண்டிதான். முதல் வாய் வைத்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, பாய். பொறாமை. அந்த ஆஸ்பத்திரி நாட்களில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் வந்த அதே பொறாமை, சூடு கொஞ்சமும் ஆறாமல் வந்தது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன். ஏழாவது என்று நீ சொல்வாய். அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் அறை. பச்சை ரெக்சின் நாற்காலிகள் வரிசையாக. எனக்கு இரைப்பையில் கட்டி, பக்கத்து நாற்காலியில் இருந்த உனக்கும் இரைப்பையில் கட்டி. இரண்டு பேருக்கும் ஒரே ஏற்பாடு. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் என்று மூன்று தடவை மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும். சுருங்கினது மறுபடி வளர்வதற்குள் வயிற்றைத் திறந்து வெட்டி எடுக்க வேண்டும். வெட்டி எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு, விட்டுவிட்டால் இல்லை. டாக்டர் அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னார்.

உன் கையில் சிஸ்டர் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாள். என் கையில் எட்டு இடத்தில் குத்தினாள். வலியை மறைக்க நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் முப்பது வருஷம் நின்றவன் நான், சிவக்கச் சிவக்க ஓடிவரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிட்ட கை இது, இந்த ஊசியெல்லாம் எனக்கு எறும்பு என்றேன். ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம் பக்கம் பிறந்தவன், தெலுங்கிலும் பேசுவேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அறையே வாயைப் பிளந்து கேட்டது. நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாய்.

"நைனா, முப்பதுன்னு சொன்னியே, பாதிக்கு முடிச்சிக்கலாமா?"

பொன்னேரியில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவன், பழவேற்காட்டுக்காரன், வாங்குவதிலும் விற்பதிலும் பாதியில் ஆரம்பித்தே பழகினவன் என்று அப்போது எனக்குத் தெரியாது. மில்லில் நான் நின்றது பதினாறு வருஷம் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. அன்றிலிருந்து நீ எனக்கு பாய், நான் உனக்கு நைனா.

அந்தச் சிவப்பு மருந்து நினைவிருக்கிறதா? மறுநாள் எனக்கு மூத்திரம் சிவப்பாகப் போயிற்று. ரத்தம் ரத்தம் என்று தெருவையே கூட்டிவிட்டேன். ஆட்டோ வந்து நின்றுவிட்டது. அப்புறம்தான் சிஸ்டர் முன்னமே சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. உனக்கும் சிவப்பாகத்தான் போனதாம். நீ பேசாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாயாம். இதற்குக்கூட உன்மேல் எரிச்சல் வந்தது.

தலைமுடிக்கு நான் கும்மிடிப்பூண்டியிலேயே பேர் போனவன். முன்பக்கம் வளைத்து வாரினால் காற்றுக்கு அசையாது. இரண்டாவது வாரத்தில் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி இறகு பிடுங்கின கோழி. நீயோ உதிர்வதற்கு முன்னாலேயே மழித்துவிட்டு, எப்போதும் போடுகிற வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் ஏறினாய். முடி போனதா இருக்கிறதா என்று உலகத்துக்கே தெரியாது. நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எண்ணூரைத் தாண்டும்போது ஒரு நாற்றம் வருமே. ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கே குமட்டும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டுவேன். நீ எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொள்வாய், இல்லை, உன் வீட்டம்மா வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். என் சம்சாரமும் கூட வருகிறேன் என்றுதான் முதல் நாளே கிளம்பினாள். நான் என்ன குழந்தையா என்று நான்தான் நிறுத்திவைத்தேன். அப்புறம் உன் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து உன் முதுகை நீவிவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. மருந்தால் எரிந்தது கொஞ்சம்தான்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வாயெல்லாம் புண். எது தின்றாலும் மில்லின் தரையை நக்கினது போல இரும்பு ருசி. உனக்கு இன்னொரு பேஜார். கருவாட்டு வாடை பட்டாலே குடல் வெளியே வந்துவிடும் என்று, சொந்தக் கடைக்குள் கால் வைக்க முடியாமல் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்தாய். ஆனால் உனக்குக் கஞ்சி இறங்கிற்று. உன் வீட்டம்மா இஞ்சியைத் தட்டி, மசாலாவைக் குறைத்து, குழைய வேகவைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் நாலு வாய். அவ்வளவுதான், ஆனால் உள்ளேயே தங்கிற்று. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை நீயும் பார்த்தாய். சாப்பிடுகிறாயா என்று கேட்டாய். காலையில் பத்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றேன். நீ அஞ்சு என்றுகூடச் சொல்லவில்லை. மூடியில் பாதியை ஊற்றி என் முன்னால் வைத்தாய். உன் வீட்டம்மாதான் முந்தானைக்குள்ளிருந்து இந்தக் கரண்டியை எடுத்து நீட்டினார்கள். "எவர்சில்வர் வோணாம்ண்ணே. இதுல சாப்புடுங்க, இரும்பு வாட அடிக்காது." மூன்று நாளாக ஒன்றும் தங்காத வயிற்றில் அது தங்கிற்று. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டேன்.

மருந்துக்கும், நடுவில் ரத்தப் பரிசோதனைக்குமாகப் போகும் ரயிலில் உன் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். நேற்று எத்தனை? பதினெட்டு வாந்தி என்பேன். ஒம்போதுக்குக் குடு என்பாய். ஒன்பதுதான் நிஜம், சில நாள் எட்டு.

வாய்ப்புண்ணுக்கு ஐஸ் வைத்துக்கொள்ளச் சொன்னாள் சிஸ்டர். உன் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, ஐஸ் கட்டியாக்கி, இன்னொரு ஃபிளாஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மனுஷனுக்கு இரண்டு ஃபிளாஸ்க். என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்காரனிடம் ஆரஞ்சு கலர் குச்சி ஐஸ் வாங்கி, உன் எதிரிலேயே நின்று சப்பினேன். அது எந்தத் தண்ணியோ, வேண்டாம் என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். சிப்காட் தண்ணீரையே குடித்து வளர்ந்த வயிறு இது என்றேன்.

மூன்றாவது மருந்தும் ஏறி முடிந்தது. கட்டி இரண்டு பேருக்கும் சுருங்கிவிட்டது என்று படம் பார்த்துச் சொன்னார்கள். அடுத்து ஆபரேஷன் தேதி. அங்கேதான் வந்தது வினை. அடுத்த வாரம் ஓர் இடம்தான் காலி, உங்கள் இரண்டு பேரில் காய்ச்சல் இல்லாமல் ரத்தமும் சரியாக இருக்கிறவருக்கு முதலில், மற்றவருக்கு ஒரு மாதம் ஆகும் என்றார் டாக்டர். ஒரு மாதம் என்றால் சுருங்கினது வளராதா? அவர் வளராது என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நரம்பில் நீ முந்தினாய், முடியில், கஞ்சியில், பக்கத்தில் உட்கார ஆள் இருப்பதில், எல்லாவற்றிலும் முந்தினாய். தேதியிலும் நீ முந்த விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். பரிசோதனைக்கு ரத்தம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்தோம். உனக்குத் தாராளமாகத் தேறிற்று. எனக்கு வாசற்படியில் கால் வைத்த மாதிரி தேறிற்று. தேறிற்றே, அது போதும்.

டாக்டர் பேர் எழுதுகிற அன்று காலையில் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

மில்லில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பாய். காண்டிராக்ட் ஆள் காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் அன்றைக்கு அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். மறுநாள் அந்த இடம் அந்த வேறு ஆளுக்கே. அதனால் சொல்லவே மாட்டோம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் நிற்போம். யாராவது தொட்டுப் பார்த்துக் கேட்டால், கம்பி எதிரில் நிற்கிற உடம்பு சுடாமல் குளிருமா என்போம். அப்படிப் பதினாறு வருஷம் இடத்தைக் காப்பாற்றினவன் நான். அன்றும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

பொன்னேரியில் ஏறினாய். உட்கார்ந்ததும் கேட்டாய்.

"இன்னா நைனா, நேத்து எத்தினி?"

"ஒண்ணும் இல்ல பாய்."

"ஒண்ணுமே இல்லியா?"

"நல்லாத்தான் கீறேன். நீ உன் வேலயப் பாரு."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். மீஞ்சூர் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. எண்ணூர் வந்தது, நாற்றம் வந்தது, நான் கதவுப் பக்கம் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தாய். அதையும் வாங்கவில்லை.

வாசலில் ஒரு குச்சி ஐஸ் வாங்கினேன். வாய்ப்புண்ணுக்கு என்றேன். சிஸ்டர் கூப்பிடுகிற வரைக்கும் கடைசித் துண்டை நாக்குக்கு அடியில் அடக்கிவைத்திருந்தேன். அப்புறம் அவள் தெர்மாமீட்டரை வைத்தாள். தொண்ணூற்றெட்டு. இவ்வளவு புத்தி யாருக்கு வரும் சொல்? டாக்டருக்குப் படித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். சிஸ்டர் எழுதப் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் நீ பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாய்.

"சிஸ்டர், அவரு வாயில ஐஸ் வெச்சிகினு வந்துகிறாரு. அக்குள்ல வெச்சிப் பாருங்கோ."

நூற்று இரண்டு. இதைப் பாதியாக்க முடியாது, சிஸ்டர் நோட்டில் எழுதியிருக்கிறது.

என் கையைப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டர் நோட்டில் உன் பேரை எழுதுவதைக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தேன். என் தேதியைப் பிடுங்கிக்கொள்ளத்தானே காட்டிக்கொடுத்தாய் என்று கத்தினேன். அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நீ இல்லை என்று சொல்லியிருக்கலாம், நான் நம்பியும் இருப்பேன். நீ சொன்னது வேறு.

"எனக்கும் அந்தத் தேதி வோணும்தான் நைனா. வோணாம்னு பொய் சொல்ல மாட்டேன்."

பன்னிரண்டு நாள் படுத்திருந்தேன். முதல் மூன்று நாள் எனக்கு நினைவே இல்லை. ரத்தத்தில் அணுவெல்லாம் அடியோடு விழுந்துவிட்டது, இந்தக் காய்ச்சலோடு வயிற்றைத் திறந்திருந்தால் மேசையை விட்டு இறங்கியிருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். குச்சி ஐஸைப் பற்றியும் கேட்டார், நான் பேச்சை மாற்றிவிட்டேன். டாக்டர் சொன்னதைக் கேட்டும் எனக்கு உன்மேல் நன்றி வரவில்லை, பாய். உண்மையைச் சொல்கிறேன். உன் வீட்டம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கஞ்சி ஃபிளாஸ்க்கை என் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் சம்சாரம் அப்போது என் பக்கத்திலேயே இருந்தாள், இனிமேல் நிறுத்த முடியாது என்று வந்துவிட்டாள். உன்னைத் திட்டிக்கொண்டே உன் கஞ்சியைக் குடித்தேன். ஒரு சொட்டு விடவில்லை.

உன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தாய். உள்ளே விடமாட்டார்கள் என்று கதவோரமே நின்றாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். நீ நகரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சுவரிடமே கேட்டேன்.

"தெனம் பதினெட்டு வாந்தின்ற ஆளு நீ. அன்னிக்கி ஒண்ணுமே இல்லன்னே."

வேறு எவனாவது இருந்திருந்தால், மனுஷன் தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டிருப்பான். பெற்ற தாயாக இருந்தாலும் நம்பியிருப்பாள். என் பொய்யின் அளவு உனக்குத்தான் தெரிந்திருந்தது. அது ரொம்பச் சின்னதாகப் போனதும் பயந்துவிட்டாய். நான் திரும்பிப் பார்த்தபோது நீ போய்விட்டாய். தொப்பி மட்டும் வராந்தா ஜன்னல் வழியாக நகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றரை மாதம் கழித்து நடந்தது. வளரவில்லை, காத்திருந்தது. மயக்கம் தெளிந்த மூன்றாம் நாள், வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் மெதுவாக நடந்து வந்தான். இருமல் வந்தால் இப்படி அமுக்கிக்கொள்ள வேண்டும், தையல் வலிக்காது என்று எனக்குச் செய்துகாட்டினாய். இரைப்பையில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டாய். முக்கால்வாசி என்றேன். டாக்டரே பாதி என்றுதான் சொன்னாராமே என்றாய். எனக்கும் பாதி, உனக்கும் பாதி. "பார்த்தியா நைனா, அவரும் பாதிக்குத்தான் முடிச்சிக்கிறாரு." சிரித்தால் தையல் பிரியும். ஒரே தலையணையை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டு சிரித்தோம்.

தேதியில் முந்தினவன் நீ. ஆனால் மூன்று வருஷம் கழித்து அந்த நோய் திரும்பி வந்தது உன்னிடம்தான். அதற்குப் போய் என்ன பொறாமைப்படுவது? இருந்தாலும் பழவேற்காட்டில் உன் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். கட்டிலைச் சுற்றி ஆட்கள், வாசலில் நூறு ஜோடி செருப்பு. ஐம்பது. எல்லோரும் மாறி மாறிக் கேட்கிறார்கள், வலி எப்படி இருக்கிறது என்று. நீ எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாய். கொஞ்சம். ஊசி போட வருகிற நர்ஸம்மாவிடமும் கொஞ்சம். அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டு, சின்ன மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. என் கணக்கை நீ பாதியாக்கினாய், சரி. உன் கணக்கை நீ சொல்லும்போதே பாதியாக்கித்தான் சொல்வாய். வாழ்நாள் பூராவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய், எனக்குத்தான் உறைக்கவில்லை. நீ கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. நான் எழுந்து அந்த அம்மாவின் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினேன்.

"அம்மா, அந்த ஆளு கொஞ்சம்னு சொன்னா நம்பாதீங்க. ரெட்டிப்பாப் போட்டு எழுதுங்க. கட்டிலுச் சட்டத்த எப்பிடிப் புடிச்சிகினு கீறாரு, வந்து பாருங்க."

அந்த அம்மா திரும்பி வந்து பார்த்தாள். பொன்னேரி டாக்டருக்குப் போன் போட்டாள். சாயங்காலத்துக்குள் வேறு மருந்து வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நீ தூங்கினதாக உன் வீட்டம்மா சொன்னார்கள். மறுநாள் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "காட்டிக் குடுத்துட்டியே நைனா" என்றாய். ஆமாம், பழிக்குப் பழி என்றேன். அப்புறம் நீ இருந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பரிசோதனைக்கு அதே ரயிலில் போகிறேன். பொன்னேரி வந்தால் துண்டை எடுத்து எதிர் இடத்தில் போடுகிறேன். யாராவது கேட்டால் ஆள் வருது என்கிறேன். மீஞ்சூர் தாண்டினதும் எடுத்துவிடுகிறேன்.

உன்மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை, பாய். முடி வளர்ந்துவிட்டது, கஞ்சி இறங்குகிறது, என் பக்கத்தில் என் சம்சாரம் உட்கார்ந்துவருகிறாள், ஃபிளாஸ்க்கும் இரண்டு இருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் நேராகிவிட்டது. ஆனால் உன் 'கொஞ்சம்' பொய் என்று கண்டுபிடித்து ஓட உனக்கு நான் இருந்தேன். நான் ஒருநாள் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னால் கண்ணெடுக்காமல் முகத்தைப் பார்க்க எனக்கு யார்? அதற்குத்தான் எரிகிறது.

போன வாரம் பரிசோதனையில் புது டாக்டர் கேட்டார், சாப்பிட்டால் வாந்தி வருகிறதா என்று. சின்னப் பிள்ளை, நல்ல மாதிரி. பதினெட்டு என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். மாதத்துக்கு இரண்டு தடவை என்றேன். நிஜத்திலேயே இரண்டுதான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒண்ணுக்குக் குடு என்று யாராவது சொல்வார்களா என்று.